நெடுஞ்சாலை விபத்து மேலாண்மை: திறந்த அரங்குக்குப் போகுமுன் நம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்

மூன்றடைப்புக்கும் நாங்குநேரிக்கும் நடுவில், நான்குவழிச்சாலையை ஒட்டிய சிற்றூரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் யார் என்ன செய்வது என்பது பற்றிப் பொதுமக்களோடு பேசத் திறந்த அரங்கு நடத்தப்போகிறார்கள் என்ற அறிவிப்பைக் கடைச் சுவரில் ஒட்டினேன். அன்றிலிருந்து பட்டா நகலுக்கு வருகிறவரும் வருமானச் சான்றுக்கு வருகிறவரும் அதைப் பற்றியே கேட்கிறார்கள். இதற்கு முன் இப்படிப்பட்ட அரங்கு ஒன்றுக்குப் போய்வந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

திறந்த அரங்கு என்றால் என்ன? மேடை போட்டு மைக்கில் பேசுவார்களா?

மேடை இருக்காது. நான் போனது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. சுவரோரமாக மேசைகள். ஒரு மேசையில் நெடுஞ்சாலைத் தரப்பினர், அடுத்ததில் போக்குவரத்துக் காவல்துறை, அதற்கடுத்து 108 ஆம்புலன்ஸ், தீயணைப்பு, கடைசியில் கிரேன் வைத்திருப்பவர்கள். மேசைக்குப் பின்னால் சாலையின் வரைபடம் தொங்கும். நீங்கள் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்று பேசலாம். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க எழுந்து நின்று பேச வேண்டிய கூச்சம் இதில் இல்லை.

தொழிற்சாலைக்கோ சுரங்கத்துக்கோ நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடந்தாக வேண்டியது. அங்கே எல்லாரும் பேசுவதை ஒரே பதிவாக எழுதுவார்கள். திறந்த அரங்கில் நீங்களே எழுதிக் கொடுத்தால்தான் அது பதிவு. வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? பெயர் கொடுக்க வேண்டுமா?

அறிவித்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம். வாசலில் வருகைப் பதிவேடு இருக்கும். பெயர், ஊர், கைபேசி எண் எழுதுங்கள். பிறகு பதில் கேட்க அந்த வரி உதவும். கூட்டம் குறைந்த கடைசி ஒரு மணி நேரத்தில் போனால் அதிகாரிகள் உட்கார்ந்து பேசுவார்கள் என்பது என் அனுபவம்.

விபத்தைத் தடுக்கத்தானே வேண்டும்? நடந்த பிறகு அதில் என்ன மேலாண்மை?

எங்கள் பெரியப்பா கேட்ட கேள்வி இது. அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி இரவில், களக்காட்டுப் பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லாரி எங்கள் ஊருக்கு அருகே டயர் வெடித்துச் சாய்ந்தது. ஓட்டுநருக்குக் கை முறிவு, கிளீனருக்குத் தலையில் காயம். முதல் விபத்தில் உயிருக்கு ஆபத்தில்லை. ஊர்க்காரர்கள் ஓடிப்போய் இருவரையும் வெளியே எடுத்தார்கள். சாலை முழுக்கத் தார்கள் சிதறிக் கிடந்தன. லாரியின் பின்விளக்கு உடைந்துவிட்டது. பின்னால் வருகிற வண்டிக்கு முன்னே என்ன கிடக்கிறது என்று சொல்ல ஆளும் இல்லை, விளக்கும் இல்லை. இருபது நிமிடம் கழித்து வேகமாக வந்த கார் ஒன்று, தாரின் மேல் ஏறி வழுக்கி, உதவிக்கு நின்ற எங்கள் தெருப் பையனை அடித்தது. அவனுடைய வலது காலில் இன்றும் கம்பி இருக்கிறது.

அந்த இரண்டாவது விபத்தைத்தான் இந்த மேலாண்மை தடுக்க முயல்கிறது. விபத்து நடந்ததை உடனே அறிவது, இடத்தை உறுதிசெய்வது, சரியான வண்டியை அனுப்புவது, பின்னால் வரும் வாகனங்களுக்குத் தொலைவிலேயே எச்சரிக்கை வைப்பது, காயம்பட்டவரை எடுப்பது, சாலையைச் சீக்கிரம் ஒழிப்பது, சிந்திய எண்ணெய்மேல் மணல் போடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியவை அவை. ஒன்று தாமதித்தால் மற்றவையும் தாமதிக்கும். சாலை அடைபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பின்னால் நிற்கும் வரிசை நீள்கிறது. அந்த வரிசையின் வால் ஒரு வளைவிலோ பாலத்து ஏற்றத்திலோ போய் முடிந்தால் அங்கே அடுத்த மோதல் காத்திருக்கிறது.

நான் ஆடு மேய்க்கிறவன். வண்டியே கிடையாது. அங்கே எனக்கு என்ன வேலை?

அண்ணாச்சி, முதலில் போக வேண்டிய ஆள் நீங்கள்தான். அறுவடை முடிந்து கிடை போட ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறீர்கள், விடியற்காலையா அந்தியா, மந்தை முழுவதும் கடக்க எவ்வளவு நேரமாகிறது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. நடுத்தடுப்பில் ஊர்க்காரர்களே உடைத்துவிட்ட இடைவெளிகளும் அதில் இல்லை. வேகமாக வருகிற ஓட்டுநர் எதிர்பாராதது இவற்றைத்தான்.

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். இரவில் எந்த ஓரத்தில் நடக்கிறீர்கள், எங்கே படுத்து எழுகிறீர்கள், எந்த இடத்தில் ஓரமே இல்லாமல் தார்மேல் ஏற வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். அந்த மாதங்களில் ரோந்து வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.

வெறுங்கையோடு போகலாமா? என்ன எடுத்துப் போக வேண்டும்?

கிலோமீட்டர் கல்லின் எண்ணை எடுத்துப் போங்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

அந்த வாழைத்தார் லாரி இரவில் மூன்று பேர் மூன்று போன் செய்தார்கள். ஒருவர் “பாலத்துக்குத் தெற்கே” என்றார். ஒருவர் “சர்ச்சுக்கு எதிரே” என்றார். ஒருவர் அருகிலிருந்த தோப்பின் சொந்தக்காரர் பெயரைச் சொன்னார். மூன்றும் ஒரே இடம் என்று நமக்குத் தெரியும். எங்கேயோ உட்கார்ந்து போனை எடுக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கத்துச் சாலையில் வந்து, எங்களைத் தாண்டிப் போய், நடுத்தடுப்பில் திரும்ப வழி கிடைக்கும் இடம்வரை சென்று வந்தது. வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதை ஓட்டி வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். இடத்தைச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தேசிய நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கல்லுக்குத் தலை மஞ்சள், உடம்பு வெள்ளை. ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே, 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறிய கற்கள் இருக்கும். அவற்றில் 2, 4, 6, 8 என்று ஓர் எண் மட்டும். லாரி சாய்ந்த இடத்திலிருந்து பத்தடியில் “6” என்று ஒரு கல் நின்றது. பதினைந்து வருடமாக அந்த வழியே போய்வருகிறேன், ஒரு நாளும் அதைக் குனிந்து பார்த்ததில்லை. பெரிய கல்லின் எண்ணையும் இந்தச் சின்ன எண்ணையும் சேர்த்துச் சொன்னால் இடம் துல்லியமாகிவிடும்.

கூடவே எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். “நாகர்கோவில் போகும் பக்கம்”, “திருநெல்வேலி போகும் பக்கம்” என்று சொல்லுங்கள். இடது, வலது வேண்டாம். சாலையின் பெயரைச் சொல்லும்போது 44 என்று சொல்லுங்கள். நம் பெரியவர்கள் இன்னும் ஏழாம் நம்பர் சாலை என்கிறார்கள். 2010-இல் எண்களை மாற்றியமைத்தபோது அந்த 7, 44-இல் சேர்ந்துவிட்டது.

அரங்குக்குப் போகும் முந்தைய நாள், நீங்கள் பேசப்போகும் இடத்துக்கு ஒரு நடை போய், கல்லையும் சுற்றுப்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் இறங்க வேண்டாம், ஓரத்திலிருந்தே எடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது? 100, 108, 112, 1033 என்று ஏகப்பட்ட எண் சொல்கிறார்களே?

ஆளுக்கு அடிபட்டிருந்தால் 108. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்குகிறது. காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் தகவல் போக அதே எண்ணில் சொல்லலாம். ஆளுக்கு ஒன்றுமில்லை, வண்டி பழுதாகி நிற்கிறது, மரம் விழுந்து கிடக்கிறது, மாடு செத்துக் கிடக்கிறது என்றால் 1033. அது தேசிய நெடுஞ்சாலைக்கு உரிய கட்டணமில்லா எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். ரோந்து வண்டியும் கிரேனும் வர அதில் சொல்ல வேண்டும். 112 எல்லா அவசரத்துக்கும் பொது.

திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் போதாதா? இதற்கு வேறு ஒரு நாள் கூலியை விட வேண்டுமா?

குறைதீர்க்கும் நாள் மனுவை நான்தான் உங்களில் பாதிப் பேருக்கு எழுதித் தருகிறேன், அதன் அருமை எனக்குத் தெரியும். தெருவிளக்கு, பட்டா, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அது போதும். அங்கே கொடுக்கும் மனு ஒரு துறைக்குப் போகும். சாலை விபத்தில் ஐந்து துறைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன. காவல்துறை வந்து பார்க்காமல் கிரேன் வண்டியை நகர்த்தாது. கிரேன் வராமல் சாலை திறக்காது. “அது அவர்கள் வேலை” என்று ஒருவர் சொல்லும்போது, அந்த “அவர்கள்” அடுத்த மேசையிலேயே இருப்பது திறந்த அரங்கில்தான். கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கேட்கலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸும் கோர்ட்டும் என்று அலையவிடுவார்களே, அதைக் கேட்கலாமா?

கேட்க வேண்டும், காவல்துறை மேசையிலேயே கேட்க வேண்டும். பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்ப்பதற்குக் காரணம் இரக்கம் இல்லாததல்ல, இந்தப் பயம்தான். ஆனால் சட்டம் மாறிவிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், உதவி செய்கிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு ஒப்புதல் தந்து அவற்றைக் கட்டாயமாக்கியது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு, பலனை எதிர்பார்க்காமல் உதவிய ஒருவர்மேல், அந்த உதவியின்போது கவனக்குறைவால் ஏதேனும் நேர்ந்துவிட்டாலும் வழக்குத் தொடர முடியாது.

பெயரையும் முகவரியையும் சொல்லும்படி உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. சாட்சியாக இருக்க நீங்களே விரும்பினால் ஒழிய இழுக்கக் கூடாது. ஆஸ்பத்திரி உங்களிடம் முன்பணம் கேட்கக் கூடாது. இதையெல்லாம் சீருடையில் இருப்பவர் வாயால், உங்கள் ஊர்க்காரர்கள் நான்கு பேர் கேட்கும்படி சொல்லவையுங்கள். நான் எழுதுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஆஸ்பத்திரிச் செலவு? ஏழைக்கு அடிபட்டால் கடன் வாங்கியா கட்டுவது?

2021 டிசம்பரில் தொடங்கிய “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயம்பட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநில லாரி ஓட்டுநருக்கும் சேர்த்துத்தான். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டம் ஒன்றும் இருக்கிறது. ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, ஏழு நாட்களுக்குப் பணமில்லாச் சிகிச்சை. நம் சாலையில் எந்தெந்த மருத்துவமனைகள் பட்டியலில் இருக்கின்றன, எது எத்தனை மணிவரை தலைக்காயத்தைப் பார்க்கும், எதிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று 108 மேசையில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியால் உயிர்போனால் 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. அந்த விண்ணப்பத்துக்கு அரங்குவரை போக வேண்டாம், என் கடைக்கு வாருங்கள்.

டோல்கேட் கட்டணத்தைப் பற்றிச் சண்டை போடலாமா?

அந்த மேசையில் இருப்பவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அந்தக் கட்டணத்துக்கு ஈடாக நமக்கு வர வேண்டிய ஆம்புலன்ஸும் கிரேனும் ரோந்து வண்டியும் எங்கே நிற்கின்றன, நாங்குநேரிக்கு வடக்கே விபத்து என்றால் எந்த நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, அவை வேறொரு விபத்தில் இருக்கும்போது மாற்று எது என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

டேங்கர் லாரி கவிழ்ந்தால் என்ன செய்வது? எங்கள் பையன்கள் குடத்தோடு ஓடுகிறார்களே?

தூத்துக்குடித் துறைமுகம் பக்கத்தில் இருப்பதால் நம் சாலைகளில் எரிவாயு, எரிபொருள், அமிலம் எல்லாம் ஓடுகின்றன. டேங்கரின் பின்புறமும் பக்கங்களிலும் ஒரு பலகை இருக்கும். அதில் நான்கு இலக்க எண் ஒன்று, வைர வடிவில் ஓர் அடையாளம், அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண். தொலைவிலிருந்து அந்த நான்கு இலக்கத்தைப் படிக்க முடிந்தால் அதை 108-க்குச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது என்னவென்று தீயணைப்பு வீரர்களுக்கு அதிலிருந்து தெரிந்துவிடும். படிக்க முடியாவிட்டால் கிட்டே போகாதீர்கள். குடத்தோடு ஓடுவது பற்றி ஒரே வார்த்தை: எரிபொருள் ஆவிக்கு ஒரு பீடி நெருப்பு போதும். தீயணைப்பு மேசையில் அதை விளக்குவார்கள், பையன்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதும் முக்கியம். ஆனி முதல் ஆவணி வரை நமக்கு மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று. திருநெல்வேலியிலிருந்து காவல்கிணறு வரை சாலை தெற்கே ஓடுகிறது, மலை மேற்கே இருக்கிறது. அந்த மாதங்களில் மலை இருக்கும் பக்கம் ஒதுங்கினால் புகை உங்களை விட்டு விலகிப் போகும். ஐப்பசி மழைக்காலத்தில் காற்று மாறிவிடும், அப்போது துண்டை உயர்த்திப் பிடித்துத் திசை பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊர்க் கணக்கை அரங்கில் நீங்களே எடுத்துச் சொல்லலாம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு அது புதிய செய்தியாக இருக்கும்.

நெடுஞ்சாலை அடைபட்டால் லாரிகளை எங்கள் தெரு வழியே திருப்பிவிடுகிறார்கள். அதற்கு எங்கள் சம்மதம் வேண்டாமா?

அவசரத்தில் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் முன்கூட்டியே போய்ப் பேச வேண்டும். மாற்றுப்பாதை வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் தெரு அதில் இருந்தால் நான்கு விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: தெருவின் மிகக் குறுகிய இடத்தின் அகலம் எத்தனை அடி, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி எங்கே, பள்ளி விடும் நேரம் எது, வாய்க்கால் பாலம் எந்தக் காலத்தில் கட்டியது. காற்றாலை இறக்கை ஏற்றிய நீண்ட வண்டி ஒன்று ஊர்த் திருப்பத்தில் சிக்கினால் மாற்றுப்பாதையும் அடைபட்டுவிடும்.

மழைக்காலத்துக்குத் தனியாகக் கேளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது, தாமிரபரணி கரை கடந்தது, ஊர்கள் தீவுகளாயின. எந்தக் குளம் முதலில் நிரம்புகிறது, அதன் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர் ஓடும் வழி) எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறது, தண்ணீர் எந்தக் கல்வரை ஏறியது என்பது அந்தக் குளத்துப் பாசனக்காரருக்குத்தான் தெரியும். மாற்றுப்பாதையே தண்ணீருக்குள் போகும் என்றால் அதை வரைபடத்தில் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

ஐந்து பேர் செத்தால்தான் அந்த இடத்தைக் கவனிப்பார்களாமே, உண்மையா?

தேசிய நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள் நடந்திருந்தால் அதைக் கரும்புள்ளி என்பார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறை அது. எந்த இடத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று முடிவுசெய்ய ஓர் அளவுகோல் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு விபத்து நடந்த இடத்தில் வாழ்கிறவர்களுக்கு அது எவ்வளவு கொடுமையான கணக்கு!

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்குப் பதிவாகாமல் பேசித் தீர்த்த விபத்து அந்தக் கணக்கில் வராது. நம் ஊர்களில் எத்தனை விபத்துகளை டீக்கடையிலேயே பேசி முடித்திருக்கிறோம்! எனவே நடந்ததை, தேதியோடும் கல் எண்ணோடும் பட்டியலிட்டு எழுதிக் கொடுங்கள். மயிரிழையில் தப்பியதையும் சேருங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கு வைக்கும்படி மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எழுதிக் கொடுத்தோம், தலையாட்டினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்?

முதலில், எழுதிக் கொடுப்பதை இரண்டு படியாக எழுதி ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். மூன்று மாதம் பொறுங்கள். பிறகு அந்த நகலை வைத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: “இந்தத் தேதியில் நான் கொடுத்த கோரிக்கைமேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன?” கட்டணம் 10 ரூபாய், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் கீழ் வருவதால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். இதோடு கிராம சபையில் ஒரு தீர்மானமும் போட்டுவிட்டால் கோரிக்கைக்கு ஊரின் பலம் சேரும்.

எங்கள் ஊருக்கு நான் கேட்டது நடுத்தடுப்பில் அவசர ஊர்தி மட்டும் திரும்பக்கூடிய ஒரு திறப்பு. அது இன்னும் வரவில்லை. இரண்டாவது விண்ணப்பம் போட்டிருக்கிறேன், இந்த முறையும் அரங்குக்கு அதையே எடுத்துப் போகிறேன்.

நீங்கள் சொன்ன கல்லைத் தேடிப் போனேன் அக்கா. முள் மூடிக் கிடக்கிறது, எண்ணே தெரியவில்லை. என்ன செய்ய?

எங்கள் ஊரிலும் தெற்கே இரண்டு கற்கள் சீமைக்கருவேலத்துக்குள் மறைந்துவிட்டன. ஒன்றில் சுண்ணாம்பு உதிர்ந்து எண் அழிந்தே போயிற்று. எண் தெரியும் கல்லிலிருந்து 200 மீட்டருக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே வந்தால் மறைந்த கல்லின் எண் கிடைத்துவிடும். அதை எழுதி, “இந்தக் கற்களை மறைக்கும் முள்ளை வெட்டி, எண்ணைப் புதுப்பித்து எழுத வேண்டும்” என்பதையே முதல் கோரிக்கையாக வையுங்கள். ஒரு நாள் வேலை, இரண்டு ஆள் கூலி. நெடுஞ்சாலை மேசையில் அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது.